நந்தி மலைப் படிகளில் ஒரு டப்பா

அரையாண்டு விடுமுறையில் நான்கு நாள் அல்சூரில் அக்கா வீட்டில் இருந்தோம், நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனும். வாணியம்பாடியில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு பெங்களூரு. பக்கத்து ஊர்தான் என்பதாலேயே ஒவ்வொரு முறையும் கப்பன் பார்க், கமர்ஷியல் ஸ்ட்ரீட், ஒரு மால் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம். இந்தத் தடவை அக்கா மகள் முன்கூட்டியே ஃபோன் செய்துவிட்டாள். "சித்தி, செருப்போட வந்துடாதீங்க, ஷூ எடுத்துட்டு வாங்க. ஒரு மலைக்கு நடந்தே ஏறப் போறோம். வழியில ஒரு டப்பா தேடணும்."

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டை அப்போதுதான் முதல் தடவை கேள்விப்பட்டேன். ஒருவர் எங்கேயோ ஒரு சின்னப் பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடி வைத்துவிட்டு வர வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் எழுதினார். இப்போது உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கின்றன.

நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலையில் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோடு, அளந்து இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கியதையும், இரண்டு ஆண்டு கழித்து பெங்களூருக்குப் பக்கத்தில் இன்னொரு அடிக்கோடு அளந்து சரிபார்த்ததையும் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். அதே அட்சரேகை, தீர்க்கரேகை ஒரு டப்பாவில் கொண்டுபோய் விடும் என்றதும் என் மகன் ஒரு வாரம் தூங்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது நாங்கள் முதலில் செய்த தப்பு, வரைபடத்தைத் திறந்து எங்கெல்லாம் பெட்டி இருக்கிறது என்று பார்த்ததுதான். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. எல்லாவற்றையும் நான்கு நாளில் அள்ளிவிடலாம் போலத் தோன்றியது. அக்கா மகள்தான் நிறுத்தினாள். அவள் இரண்டு வருடமாக இதில் இருக்கிறாள். "முதல்ல எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணி நேரம்னு முடிவு பண்ணுங்க. அந்தப் பாதையில ஒரு டப்பா இருந்தா சந்தோஷம். டப்பாவுக்காகப் பாதையை வளைச்சோம்னா நாள் முழுக்க கார்லயே போயிடும்." ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே நடைபாதையில் வரிசையாகப் பத்து இருபது வைத்திருப்பார்களாம். நம் பக்கம் அப்படி இல்லை. ஒரு மலைக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. அதனால் ஒரு நாள், ஒரு நடை, ஒரு டப்பா என்று வைத்துக்கொண்டோம்.

அந்த ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. முதலாவது, கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு. இரண்டாவது, போய்ச் சேரும் தரை எவ்வளவு கரடுமுரடு என்பதற்கு. பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கடுத்து, போனவர்கள் எழுதி வைத்திருக்கும் பதிவுகள். கடைசியாக யார் எப்போது கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு எத்தனை பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால், பெட்டி இன்னும் அங்கே இருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். வரிசையாக நாலு பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், வெளியூரிலிருந்து நாலு நாள் விடுமுறைக்கு வருகிறவர் அதை விட்டுவிடுவது நல்லது. உள்ளூர்க்காரர் அடுத்த வாரம் திரும்ப வரலாம், நாம் வர முடியாது.

முதலில் நந்தி மலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்கந்தகிரி மலைக்குப் போவதாகத்தான் இருந்தது. கர்நாடகத்தில் இப்படிப்பட்ட மலையேற்றப் பாதைகள் பலவற்றுக்கு வனத்துறையின் அரண்ய விஹார தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பார்த்தபோது எங்கள் தேதிக்கு இடம் இல்லை. ரயில் டிக்கெட் போடும் அன்றே இதையும் பார்த்திருக்க வேண்டும். சரி, நந்தி மலைக்குப் பழைய கல் படி வழியாகவே ஏறலாம் என்று மாற்றிக்கொண்டோம்.

முதல் நாள் லால்பாக். அங்கே டப்பா எதுவும் தேடவில்லை. காலையும் ஷூவையும் ஃபோனையும் பழக்கிக்கொள்ளத்தான் போனோம். லால்பாக் என்றால் எல்லோரும் கண்ணாடி மாளிகைக்குப் போவார்கள். நாங்கள் நேராகக் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்குப் போனோம். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான, கோடு கோடாக இருக்கும் 'நைஸ்' (gneiss) வகைப் பாறை அது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஜியோகேச்சிங்கில் டப்பாவே இல்லாத வகை ஒன்று உண்டு, எர்த்கேச் என்பார்கள். இடத்துக்குப் போய், அங்கிருக்கும் நிலத்தைக் கவனித்து, கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அதே பாணியில் என் மகனுக்கு நானே மூன்று கேள்வி போட்டேன். வெளுத்த கோடும் கறுத்த கோடும் எந்தத் திசையில் ஓடுகின்றன? ஒரு சாண் அகலத்துக்குள் எத்தனை கோடு? கோடு மடிந்து திரும்பும் இடம் ஒன்றைக் காட்டு. முக்கால் மணி நேரம் பாறையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். பாறையில் ஓரிடத்தில் கோடுகள் ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைந்திருந்ததைக் காட்டிவிட்டுத்தான் எழுந்தான்.

நல்லவேளையாக ஒரு கோளாறு அங்கேயே பிடிபட்டது. கோபுரத்தைப் பார்த்து நிற்கிறோம், என் ஃபோனில் திசைகாட்டி முள் வேறு பக்கம் காட்டுகிறது. முள்ளைச் சரிசெய்ய ஃபோனைக் காற்றில் 8 போலச் சுழற்றிப் பார்த்தேன், அப்போதும் சரியாகவில்லை. அக்கா மகள் ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு உறையைக் கழற்றினாள். மடக்கி மூடும் உறை, மூடிக்கொள்வதற்காக ஓரத்தில் சின்னக் காந்தம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். உறையை எடுத்ததும் முள் ஒழுங்காக நின்றது. மலையில் பனிமூட்டத்துக்குள் இது நடந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ! மலைக்குப் போகிறவர்கள் காந்த உறையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அன்றே கற்றுக்கொண்ட இன்னொன்று, காவலரிடம் பேசுவது. பாறையில் குனிந்து எதையோ தேடுகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். பூங்காக் காவலர் ஒருவர் வந்து விசாரித்தார். மறைக்காமல் சொன்னோம், மகன் நோட்டைக் காட்டினான், அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இந்த விளையாட்டில் அடுத்தவர் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்று ஒரு மரபு உண்டு. நம் ஊர்களில் அதை அளவோடு வைத்துக்கொள்வதுதான் சரி. கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பா என்றாலே பயப்படுகிற காலம் இது. அல்சூர் ஏரிக்கரையிலும் ஒரு கெம்பேகவுடா கோபுரம் இருக்கிறது, அதையும் பார்க்கலாம் என்றான் மகன். ஏரியை ஒட்டி மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் இருக்கிறது, 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படையின் இடம். அந்தப் பக்கம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு புதர் புதராகப் பார்ப்பது தப்பு, வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. மலையேற்றத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மலைக்குப் போவதற்கு முந்தைய ராத்திரி எண்களை ஃபோனில் ஏற்றினோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். டப்பாவின் எண்களைச் சொல்லக் கூடாது. அதனால் நந்தி மலையின் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஜியோகேச்சிங்கில் வடக்கு 13 பாகை (டிகிரி) 22.200 கலை (மினிட்), கிழக்கு 77 பாகை 41.000 கலை என்று எழுதுவார்கள். பாகையும் தசமக் கலையும். ஃபோன் வரைபடத்திலோ வழக்கமாகத் தசமப் பாகைதான் இருக்கும். என் மகன் 13.222, 77.410 என்று தட்டினான். புள்ளி பெங்களூருக்கு வடமேற்கே இருக்கும் நெலமங்கலாவுக்கு வடக்கே எங்கேயோ போய் விழுந்தது. நந்தி மலைக்கும் அதற்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். கலையை அறுபதால் வகுத்துப் பாகையோடு சேர்க்க வேண்டும்: 22.2ஐ அறுபதால் வகுத்தால் 0.37, ஆக 13.37. அதேபோல் 77.683. இப்போது புள்ளி மலை மேல் உட்கார்ந்தது. பத்து வருடமாக வகுப்பில் சொல்லும் கணக்கு, என் மகன் அன்று ராத்திரி பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நிஜமாகப் புரிந்துகொண்டான். அட்சரேகையில் கலையின் மூன்றாவது தசம இடம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர் நகரும். அதைச் சொன்னதும், "அப்போ என் கட்டிலுக்குக்கூட ஒரு நம்பர் இருக்கும்மா" என்றான்.

வரைபடத்தையும் டப்பாவின் பக்கத்தையும் வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொண்டோம். அதிகாரபூர்வச் செயலியில் இலவசக் கணக்குக்கு எல்லாப் பெட்டியும் தெரியாது, கட்டணம் கட்டினால்தான் முழுதும் தெரியும். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்று இன்னொரு செயலி இருக்கிறது, அக்கா மகள் வைத்திருப்பது அது. ஜிபிஎஸ் வேலை செய்ய இணையமோ சிக்னலோ தேவையில்லை, செயற்கைக்கோளிலிருந்து வருவதை ஃபோன் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். மலையில் ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் பேட்டரி நன்றாகத் தாங்கும். தேவைப்படும்போது மட்டும் திரையைத் திறந்து பாருங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மாமா காரில் கிளம்பினோம். அக்கா புளியோதரை கட்டியிருந்தாள். நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சுல்தான்பேட்டையில் எங்கள் மூன்று பேரையும் இறக்கிவிட்டு, அக்காவும் மாமாவும் சாலை வழியாக மேலே போய்க் காத்திருப்பதாக ஏற்பாடு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத்தான் சொல்வேன். முட்டி வலிக்காரரையும் ஆர்வம் இல்லாதவரையும் இழுத்துக்கொண்டு ஏறினால் அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் நிம்மதி இல்லை. பத்தரை மணிக்கு எங்கே இருந்தாலும் டப்பாவை விட்டுவிட்டு நேராக மேலே வந்துவிட வேண்டும் என்று மாமா நேரம் குறித்தார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல் படிகள். டிசம்பர்ப் பனியில் நனைந்து கறுப்பாக மினுங்கின. காலை வைக்கும்போது முன்பாதம் முழுதும் பதிய வேண்டும், குதிகாலை ஓரத்தில் வைத்தால் வழுக்கும். முதல் நூறு படியில் மூச்சு வாங்கியது, அப்புறம் உடம்பு பழகிவிட்டது. இரண்டு பக்கமும் புதர், நடுநடுவே பெரிய உருண்டைப் பாறைகள், கீழே வெள்ளையாக ஒன்றும் தெரியாத பள்ளத்தாக்கு.

பாதி ஏறியிருப்போம். ஃபோன் 140 மீட்டர், இடப்பக்கம் என்று காட்டியது. படியோ வலப்பக்கம் திரும்பியது. 140 மீட்டர்தானே, பள்ளி மைதானத்தை ஒரு தடவை குறுக்கே நடக்கும் தூரம் என்று நினைத்தேன். ஆட்டுத்தடம் போல ஒன்று புதருக்குள் போனது. அக்கா மகள் தண்ணீர் குடிக்கப் பின்னால் நின்றுவிட்டாள், நான் மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டேன்.

முப்பது அடி போவதற்குள் தடம் காணாமல் போனது. உண்ணிச்செடி இடுப்பளவு அடர்ந்திருந்தது. அதன் தண்டில் இருக்கும் சின்ன வளைந்த முள் துணியைப் பிடித்தால் விடாது. ஒரு கையால் விலக்கினால் இன்னொரு கையில் கீறும். காலுக்குக் கீழே சரளை, மிதித்தால் உருண்டது. எண் 140லிருந்து 95 ஆனது, 90 ஆனது, பிறகு 104 ஆனது. பாறை ஓரமாகப் போகும்போது சமிக்ஞை பட்டுத் திரும்பி எண் குதிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தேன். திடீரென்று மகன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். "அம்மா, அங்க தரை இல்ல." நாங்கள் நின்ற பாறை இரண்டு எட்டுத் தள்ளி முடிந்துவிட்டது. அதற்கப்பால் பனி மட்டும்தான்.

அந்த இடத்தில் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அவன் கையில் நாலைந்து கீறல், ரத்தம் துளித்துளியாக நின்றது. மேலிருந்து அக்கா மகள் சித்தி, சித்தி என்று கூப்பிடும் குரல் கேட்டது. குரல் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியிலேயே மெதுவாகத் திரும்பினோம். நாற்பது நிமிடம் போயிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "அம்புக்குறி காக்கா பறக்கிற வழியைத்தான் காட்டும் சித்தி. நமக்குப் பாதைதான் வழி," என்றாள்.

படி ஓரத்தில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த பாட்டி தெலுங்கில் பேசினார். எங்கள் ஊர் எல்லையோர ஊர், எனக்கும் கொஞ்சம் தெலுங்கு வரும். அந்தப் பக்கம் ஆடுகூடப் போகாது, இங்கே என்ன தேடுவதாக இருந்தாலும் படியை விட்டு இறங்காதே என்றார். மகன் கீறலைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளரிக்காயை வெட்டி உப்புத் தூவிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. மலையில் வருடம் முழுக்க உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நாற்பது நிமிடம் நடந்திருக்காது.

படியிலேயே ஏறினோம். வலப்பக்கம் போன படி ஒரு பாறையைச் சுற்றி வளைந்து இடப்பக்கம் திரும்பியது. ஃபோனில் எண் தானாகக் குறைந்துகொண்டே வந்தது: 60, 38, 20, 11. ஒரு முள்ளும் இல்லை, சறுக்கலும் இல்லை. பெட்டி வைத்தவரும் இந்தப் பாதையில் நடந்துதானே வந்திருப்பார்!

பத்து மீட்டருக்குள் வந்ததும் அக்கா மகள் ஃபோனைப் பைக்குள் போடச் சொன்னாள். திறந்த வெளியிலேயே ஃபோன் ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் தவறும், பாறைக்குப் பக்கத்தில் இன்னும் கூடுதலாகத் தவறும். வைத்தவருடைய கருவியிலும் அதேபோல ஒரு பிழை இருந்திருக்கும். அதற்குமேல் கண்ணும் மூளையும்தான். நீ வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பாய் என்று மகனைக் கேட்டாள். மண்ணைத் தோண்டிப் புதைப்பது விதியிலேயே கிடையாது, அதனால் தோண்ட வேண்டியதில்லை. சுவரையோ படிக்கல்லையோ பெயர்க்கவே கூடாது. அப்படியானால் மிச்சம் பாறை இடுக்கு, மரவேர், கல் குவியல். இடுக்கில் கையை விடுவதற்கு முன்னால் குச்சியால் தட்ட வேண்டும், ஃபோன் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். தேளும் பாம்பும் இருக்கும் இடம். மேலே பாறை நெற்றியில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குனிய வேண்டும். தேனீ இருந்தால் சத்தம் போடாமல் திரும்பிவிட வேண்டும், டப்பா எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி. வாசனைத் தைலமும் புகையும் வேண்டவே வேண்டாம்.

இருபது நிமிடம் தேடினோம், கிடைக்கவில்லை. மணி ஒன்பது நாற்பது. மாமா சொன்ன பத்தரை மனசுக்குள் ஓடியது. கடைசியில் உட்கார்ந்து குறிப்பை எடுத்தோம். தளத்தில் குறிப்பைச் சங்கேதமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் பதின்மூன்று இடம் தள்ளி இருக்கும், ஏ என்றால் என், பி என்றால் ஓ. செயலியில் ஒரு தட்டுத் தட்டினால் விடை வந்துவிடும். என் மகன் அதை முந்தின நாளே தாளில் எழுதி எடுத்து வந்திருந்தான். படியில் உட்கார்ந்து, கீறல் விழுந்த கையால், எழுத்து எழுத்தாக மாற்றினான். வந்தது இரண்டே வார்த்தை. படித்ததும் எழுந்து நேராகப் போய் ஒரு பாறையின் பின்பக்கம் மண்டியிட்டான். நான் அந்தப் பாறையின் முன்பக்கத்தை மூன்று முறை பார்த்திருந்தேன். எந்தப் பாறை என்று மட்டும் சொல்ல மாட்டேன், தேடி வருகிறவருக்கு அந்தச் சந்தோஷம் மிச்சம் இருக்கட்டும்.

நாலு பக்கமும் கிளிப் வைத்துப் பூட்டும் சாதாரண பிளாஸ்டிக் டப்பா, நாம் சட்னி கட்டிக் கொடுக்கும் அளவு. மேலே கட்டியிருந்த பச்சைத் துணி பாசி நிறத்துக்கு மங்கியிருந்தது. திறந்ததும் ஈரக் காகித வாசனை. ஜிப் கவருக்குள் உள்ளங்கை அளவு நோட்டு, ஒரு பென்சில், ஒரு சாவி வளையம், ஏதோ நாட்டு நாணயம், கால் உடைந்த பிளாஸ்டிக் டைனோசர், எண் பொறித்த உலோகத் தகடு ஒன்று. நோட்டில் முதல் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. நடுவில் ஜெர்மன் மாதிரித் தெரிந்த நாலு வரி, அதற்குக் கீழே கன்னடத்தில் ஒரு பெயர். என் மகன் தமிழில் தேதி போட்டு, பெயர் எழுதி, ஊர் வாணியம்பாடி என்று எழுதினான். அந்த நோட்டில் வேறு தமிழ் எழுத்து இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தான், ஒட்டாத பக்கங்களில் இல்லை.

டப்பாவிலிருந்து ஒரு பொருள் எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்று வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது, குரங்கும் எறும்பும் டப்பாவையே பிய்த்துவிடும். அந்த உலோகத் தகட்டுக்குத் தனி விதி. அது டப்பாவிலிருந்து டப்பாவுக்குப் பயணம் போகும் பொருள், எடுத்தால் இன்னொரு டப்பாவில் கொண்டுபோய் வைத்து இணையத்தில் பதிய வேண்டும். மகன் அதை ஆசையாகக் கையில் வைத்துப் பார்த்தான். எங்கள் ஊரிலிருந்து அடுத்த டப்பாவுக்கு எப்போது போவோம் என்று சொல்ல முடியாது. அலமாரியில் தூங்கிவிடும். வைத்துவிடு என்றேன், கொஞ்சம் யோசித்து வைத்துவிட்டான். விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்தத் தகட்டை எடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

டைனோசரை எடுத்துக்கொண்டான். பதிலுக்குப் பாக்கெட்டிலிருந்து ஒரு கூழாங்கல் எடுத்தான், பாலாற்றில் பொறுக்கியது, கோழிமுட்டை அளவு, ஒரு பக்கம் வெள்ளை நரம்பு ஓடியிருக்கும். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. பாலாறும் தென்பெண்ணையும் இந்த நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன என்று நான் எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். 2021 நவம்பர் வெள்ளத்தில் அந்த ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியதை அவன் பார்த்திருக்கிறான். மற்ற நாளெல்லாம் மணலாகத்தான் பார்த்திருக்கிறான். கல்லை டப்பாவின் மூலையில் அசையாமல் இருக்கும்படி துணி சுற்றி வைத்தான்.

ஒரு குரங்கு பாறை மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் டப்பாவை மறைத்தால் நாம் போனதும் எடுத்துவிடும். அது போகும் வரை எதுவும் நடக்காதது போல நின்றோம். பையில் பிளாஸ்டிக் கவர் சரசரத்தாலே வந்துவிடும், அதனால் புளியோதரையைத் துணிப்பைக்குள் எவர்சில்வர் தூக்கில்தான் வைத்திருந்தோம். குரங்கு போனதும், டப்பாவைப் பாறையின் பின்பக்கத்தில் இருந்தபடியே வைத்து, அதே கல்லை முன்னால் சாத்தி வைத்தோம்.

மேலே போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி வாங்கிக் கொடுத்தார். திப்பு டிராப், கோடை மாளிகை எல்லாம் பார்த்தோம், கூட்டம் அதிகம். 1,478 மீட்டர் உயரத்தில் பனி விலகி வெயில் வந்தது. என் மகன் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற முகத்தோடு நடந்துகொண்டிருந்தான். படி வழியாகவே இறங்கலாம் என்றான், நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரப் படியில் களைத்த காலோடு இறங்குவதுதான் ஏறுவதைவிட ஆபத்து. காரில் இறங்கினோம்.

அன்று ராத்திரியே அக்கா மகள் இணையத்தில் பதிவு போட்டாள். நோட்டு ஈரமாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று பெட்டி வைத்தவருக்கும் எழுதினாள். வெளியூர்க்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். வைத்தவர் மறுநாள் பதில் எழுதினார், அடுத்த வாரம் போய்ப் புது நோட்டு வைப்பதாக.

மகனுக்கு நந்தி மலையில் தானும் ஒரு டப்பா வைக்க வேண்டும் என்று ஆசை. அது நடக்காது. வைக்கிறவர் அதைப் பராமரிக்க முடியும் தூரத்தில் இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த இடத்தில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடும் பெட்டிகளைத் தளத்தின் பரிசீலகர்கள் வழக்கமாக ஏற்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் ரயிலில் அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜோலார்பேட்டை வரும்போது ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "அப்போ ஏலகிரியில வைக்கலாமே" என்றான்.

இப்போது எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பூட்டு டப்பா தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் கல் வைத்து அமுக்கிக் கிடக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைக் காகிதம். மூன்று நாள் கழித்து எடுத்து, காகிதம் நனைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறான். வனத்துறை அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரியை மட்டும் என்னைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறான்.